வசந்தத்தில் பெரிய புளூகில்: பிடிப்பதும் விடுவதும்

புளூகில் மீனைப் பிடிப்பது எளிது. பெரிய புளூகிலைப் பிடிப்பது அரிது. அமெரிக்காவின் ஏரிக்கரைகளை அறிந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். இதற்கு முக்கிய விதிவிலக்கு வசந்தம். ஆண்டின் மற்ற மாதங்களில் ஆழத்திலும் நடு ஏரியிலும் மறைந்து திரியும் பெரிய ஆண் மீன்கள், அந்தச் சில வாரங்களில் இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்து ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கின்றன. கரையில் நிற்பவர் கண்ணுக்கே அவை தெரியும். எதிரே எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும்.

தூண்டில்காரருக்கு இது திருவிழாக் காலம். மீன்வளத் துறையினருக்கோ இது கவலைக் காலம். மீன் ஏன் அங்கே நிற்கிறது, எதற்காகக் கவ்வுகிறது, அதை எடுத்துப் போனால் ஏரிக்கு என்ன ஆகிறது என்ற கேள்விகளைச் சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். பிடிக்கும் நுட்பம் ஒரு பக்கம், மீனின் வாழ்க்கை பற்றிய அறிவியல் இன்னொரு பக்கம் என்று இவை தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளன. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மீனும் அதன் அளவும்

தட்டையான, உயரமான உடல், சிறிய வாய், செவுள் மூடியின் பின்முனையில் கறுப்பு மடல், தாடைக்கும் செவுளுக்கும் கீழே நீலப் பளபளப்பு. இதுதான் புளூகில். சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு லெபோமிஸ் மேக்ரோகைரஸ் என்ற அறிவியல் பெயரை 1819இல் ரஃபினெஸ்க் என்னும் இயற்கையியலாளர் இட்டார். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, பேரேரிகள் முதல் ஃபுளோரிடா, டெக்சஸ், வடகிழக்கு மெக்சிகோ வரை இதன் பிறப்பிடம். இல்லினாய் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனும் இதுவே. தென்மாநிலத்தார் இதையும் இதன் உறவு மீன்களையும் சேர்த்து 'பிரிம்' என்பார்கள். பெரிய ஆணுக்கு எங்கும் 'காளை' என்று பெயர்.

எது பெரியது? அமெரிக்க மீன்வளத் துறையினர் 1980களிலிருந்து பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. 6 அங்குலம் (15 செ.மீ.) இருந்தால் 'தரமானது', 8 அங்குலம் (20 செ.மீ.) 'விரும்பத்தக்கது', 10 அங்குலம் (25 செ.மீ.) 'நினைவில் நிற்பது', 12 அங்குலம் (30 செ.மீ.) 'பரிசுக்குரியது'. நீளம் கூடக்கூட எடை பன்மடங்காகிறது. நல்ல உடல்வாகுள்ள 6 அங்குல மீன் ஏறக்குறைய 70 கிராம்தான். 8 அங்குலத்தில் அது 190 கிராம், 10 அங்குலத்தில் 400 கிராம். நான்கு அங்குல வித்தியாசத்தில் எடை ஐந்து மடங்குக்கு மேல் போய்விடுகிறது. உலகச் சாதனை மீன் அலபாமாவின் கெடோனா ஏரியில் 1950 ஏப்ரலில் டி. எஸ். ஹட்சன் பிடித்தது. எடை 4 பவுண்டு 12 அவுன்ஸ், அதாவது 2.15 கிலோ. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதை மிஞ்சிய மீன் பதிவாகவில்லை.

நீளத்தைவிட முக்கியமானது வயது. செதிலிலும் செவிக்கல்லிலும் பதியும் ஆண்டு வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். தெற்கின் வளமான குட்டைகளில் மூன்று, நான்கு ஆண்டுகளில் 8 அங்குலத்தைத் தொடும் புளூகில், மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற குளிர் மாநிலங்களில் அதே அளவை எட்ட ஆறு, ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. 9 அங்குலத்துக்கு அங்கே பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஒரு வடக்கு ஏரியில் ஒரே காலைப்பொழுதில் பிடித்துப் பனிப்பெட்டியில் போட்ட பத்துப் பெரிய மீன்களுக்குப் பின்னால், அந்த ஏரி பத்தாண்டுகளாகச் சேர்த்த வளர்ச்சி இருக்கிறது. பின்வரும் வாதங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

தண்ணீரின் சூடு வகுக்கும் கால அட்டவணை

வசந்தத்தின் புளூகில் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறது. ஃபுளோரிடாவில் ஏப்ரலில் நடப்பது மினசோட்டாவில் மே இறுதியிலோ ஜூனிலோதான் நடக்கும். வரிசை மட்டும் எங்கும் ஒன்றுதான். அதை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதற்கட்டம், பனி உருகிய சில நாட்களில் தொடங்குகிறது. ஏரி முழுவதும் இன்னும் சில்லிட்டிருக்கும்போதே, வடகரையை ஒட்டிய ஆழமற்ற விரிகுடாக்களும் கறுத்த சேற்று அடித்தரை கொண்ட மூலைகளும் முதலில் சூடேறுகின்றன. தெற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில் அங்கேதான் நேராகப் படுகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைக் கரையும் மரங்களும் மறைக்கின்றன. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சேற்றிலிருந்து கொசு போன்ற சிறு பூச்சிகளின் புழுக்கள் மேலெழும். புளூகில் கூட்டம் அவற்றைத் தின்னத்தான் வருகிறது. இது பசிக்கான பயணம். இனப்பெருக்கத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. அதனால்தான் குளிர்காற்று ஒருநாள் வீசினாலும் மீன்கள் மறுபடி ஆழத்துக்குப் போய்விடுகின்றன. காலை வெறுமையாக இருந்த அதே விரிகுடா, மாலை மூன்று மணிக்கு வெயில் ஏறியபின் மீன் நிறைந்திருப்பதும் இக்கட்டத்தில்தான்.

இரண்டாம் கட்டம் 15 முதல் 18 டிகிரி வரை. பெரிய மீன்கள் முட்டையிடும் தளத்துக்கு அருகில், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பிலும், போன ஆண்டின் நாணல் தண்டுகளின் வெளியோரத்திலும், புதிதாக முளைக்கும் நீர்ச்செடிகளின் மேற்பரப்பிலும் தங்கிக் காத்திருக்கின்றன. இந்தக் கட்டத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். கரையோரத்தில் சிறு மீன்கள் துள்ளுவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெரியவை இருபது, முப்பது அடி தள்ளி, ஓர் ஆள் உயரத்துக்கும் கூடுதலான ஆழத்தில் இருக்கின்றன.

மூன்றாம் கட்டம் ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல். ஆண்கள் மணல், சரளைத் தரைக்கு வந்து வாலால் பெருக்கிப் பள்ளம் பறிக்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் சாப்பாட்டுத் தட்டளவு. அவை ஒன்றையொன்று தொட்டபடி ஐம்பதும் நூறுமாகத் திரள்கின்றன. போலராய்டு கண்ணாடி அணிந்து பார்த்தால் தேன்கூடு போன்ற வெளிறிய வட்டங்களாகத் தெரியும். முட்டையிடுவது ஒரே தடவையில் முடிவதில்லை. வடக்கில் ஆகஸ்ட் வரையும், ஃபுளோரிடாவில் இலையுதிர்காலம் வரையும் அலை அலையாகத் தொடரும். ஆனால் மிகப்பெரிய மீன்கள் பெரும்பாலும் முதல் அலைகளிலேயே வந்துவிடுகின்றன.

மே மாதப் பௌர்ணமியை ஒட்டித்தான் பள்ளங்கள் நிறையும் என்று தென்மாநிலத்து முதியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். சிலர் பள்ளங்களின் வாசனையை மூக்காலேயே கண்டுபிடிப்பதாகவும் சொல்வதுண்டு. நிலவையும் மூக்கையும் நம்புவதில் தவறில்லை. வெப்பமானி அவற்றைவிட நம்பகமானது.

தூண்டில் பக்கம்

புளூகிலின் வாய் சிறியது. மீன் எவ்வளவு பெரிதானாலும் வாய் அதே விகிதத்தில் பெரும் பிளவாக ஆவதில்லை. எனவே கருவி எல்லாமே சிறியதாக இருக்க வேண்டும்: 8 அல்லது 10ஆம் எண் முள், இரண்டு முதல் நான்கு பவுண்டு தாங்கும் நரம்பு, இலேசான குச்சி, பென்சில் பருமனில் மெல்லிய தக்கை. உருண்டைத் தக்கை கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்று வாங்குகிறார்கள். அது தண்ணீரில் தரும் எதிர்ப்பை உணர்ந்ததும் பெரிய மீன் இரையைத் துப்பிவிடுகிறது. புளூகில் இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. உறிஞ்சுதலுக்கு இடம்கொடுக்கும் இலேசான அமைப்பே வெற்றியின் பாதி.

இரையில் பிரதேச மரபுகள் பலமானவை. வடக்கில் மண்புழுவும், தேன்மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் வெண்புழுவும். தெற்கில் கடைகளில் கூண்டோடு விற்கும் சுவர்க்கோழிப் பூச்சி. கட்டால்பா மரத்தின் இலைகளைத் தின்று வளரும் புழுவுக்காக அந்த மரத்தையே குட்டைக்கரையில் நட்டு வளர்த்தவர்கள் தெற்கில் உண்டு. செயற்கை இரைகளில் 32இல் ஒரு பங்கு அல்லது 64இல் ஒரு பங்கு அவுன்ஸ் எடையுள்ள ஜிக், அதாவது ஈயத்தலை பதித்த சிறு முள், வசந்தத்தின் முதலிரு கட்டங்களுக்குப் பொருத்தமானது. தண்ணீர் நன்றாகச் சூடேறியபின் ஈ வடிவத் தூண்டில் வீசுபவர்களின் முறை வருகிறது. மேற்பரப்பில் மிதக்கும் பாப்பரும் ரப்பர்க் கால் சிலந்தியும் மாலை நேரத்தில் தரும் இன்பத்துக்கு ஈடில்லை என்பார்கள் அவர்கள்.

பெரியதை மட்டும் தேடுபவர் சிறியதிலிருந்து விலக வேண்டும். இதற்கு மூன்று வழிகள் பயன்படுகின்றன. ஒன்று, இரையின் அளவைச் சற்றே கூட்டுவது. விரல் நீள மீன்களால் விழுங்க முடியாத முழு மண்புழுவோ ஓரங்குல ஜிக்கோ சிறியவற்றை ஓரளவு வடிகட்டும். இரண்டு, வேகமாக இறங்குவது. பெரியவை பெரும்பாலும் கூட்டத்தின் அடியில் நிற்பதால், மேல்மட்டத்துச் சிறியவை கவ்வுமுன் இரை அவற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். மூன்று, கண்ணுக்குத் தெரியும் பள்ளங்களை விட்டுச் சற்று ஆழத்தில் தேடுவது. கரையிலிருந்து தெரியும் பள்ளங்கள் எல்லார் கண்ணிலும் பட்டவை. தெளிந்த ஏரிகளில் பெரிய ஆண்கள் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் பள்ளம் பறிப்பதுண்டு.

நுட்பத்தைவிட ஏரியைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பதை அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 7 அங்குலத்துக்கு மேல் மீனே இல்லாத ஏரியில் எந்த இரையும் 10 அங்குல மீனைத் தந்துவிடாது. மாநில மீன்வளத் துறைகள் வலையும் மின்சாரமும் கொண்டு எடுக்கும் கணக்கெடுப்புகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. எந்த ஏரியில் 8 அங்குலத்துக்கு மேற்பட்டவை எத்தனை சதவீதம் என்பதை அவற்றில் காணலாம். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதி ஏரிகள் பெரிய புளூகிலுக்குப் பேர்போனவை. அங்கே ஆழம் குறைவு, செடிகள் அடர்த்தி, உணவு மிகுதி, ஆள் நடமாட்டம் சொற்பம். ஏன் சில ஏரிகள் மட்டும் இப்படி என்ற கேள்வி நம்மை அறிவியல் பக்கம் கொண்டுபோகிறது.

பள்ளத்துக்குள் நடப்பது

பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகளைக் காப்பது முழுக்க ஆணின் வேலை. முட்டைகள் இரண்டு, மூன்று நாளில் பொரிகின்றன. குஞ்சுகள் தாமே நீந்திப் போக மேலும் சில நாட்கள் ஆகும். ஏறக்குறைய ஒரு வாரம் ஆண் அங்கேயே நின்று, துடுப்பால் விசிறி ஆக்சிஜன் ஊட்டி, நெருங்கும் எல்லாவற்றையும் விரட்டுகிறது. இந்நாட்களில் அது சரியாகத் தின்பதில்லை. ஆகவே பள்ளத்தின் மேல் விழும் இரையை அது கவ்வுவது பெரும்பாலும் பசியால் அன்று, காவல் உணர்வால். விரட்ட வேண்டியதை விரட்டுகிறது. அந்த விரட்டலே அதைத் தூண்டிலில் மாட்டுகிறது.

காவலுக்குக் காரணம் உண்டு. பள்ளங்களைச் சுற்றிக் கெளிற்று மீன்களும் பம்ப்கின்சீடு சூரியமீன்களும் நத்தைகளும் பிற புளூகில்களும் முட்டைக்காகக் காத்திருக்கின்றன. ஆண் அகன்ற சில நிமிடங்களிலேயே கொள்ளை தொடங்கிவிடும். கூட்டமாகப் பள்ளம் பறிப்பதன் பயனை 1980களின் தொடக்கத்தில் மார்ட் கிராஸும் உடனாய்வாளரும் விளக்கினார்கள். ஓரத்துப் பள்ளங்களைவிட நடுவில் உள்ளவை கொள்ளையரிடமிருந்து கூடுதல் பாதுகாப்புப் பெறுகின்றன. அந்த நடுவிடத்துக்குப் போட்டி கடுமை.

கிராஸின் பெயரை நிலைநாட்டியது வேறொரு கண்டுபிடிப்பு. கனடாவின் ஒன்டாரியோவில் ஓபினிகான் ஏரியில் ஆண் புளூகில்கள் இரண்டு வாழ்க்கைப் பாதைகளில் ஒன்றைப் பின்பற்றுவதை அவர் கண்டார். பெரும்பான்மையான ஆண்கள் ஏழு வயதுவரை வளர்ந்து, பிறகே முதிர்ந்து பள்ளம் பறித்துக் காவல் காக்கின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இரண்டு வயதிலேயே முதிர்ந்துவிடும். இவை பள்ளம் பறிப்பதில்லை, காப்பதுமில்லை. சிறு வயதில் செடிமறைவிலிருந்து பாய்ந்து, பெரிய ஆணும் பெண்ணும் சேரும் கணத்தில் தம் விந்தையும் விட்டுவிட்டு ஓடுகின்றன. நான்கு, ஐந்து வயதில் பெண்ணின் நிறத்தையும் நடத்தையையும் பூண்டு இருவர் நடுவே புகுகின்றன. நியூயார்க் மாநில ஏரியொன்றில் இந்தப் பெண்வேடத்தை வாலஸ் டோமினி 1980இல் நேச்சர் இதழில் விவரித்திருந்தார். வேடதாரி ஆண் பெரிதாவதில்லை. சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் மடிகிறது. தூண்டில்காரர் தேடும் 'காளை' எப்போதும் முதல் பாதையின் ஆண்தான்.

மீன் ஏன் சிறுக்கிறது?

புளூகிலின் எண்ணிக்கை குறைவது எங்கும் கவலைக்குரியதாக இருந்ததில்லை. 1960இல் சிகாகோ மேயர் அப்போதைய ஜப்பானிய இளவரசர் அகிஹிடோவுக்குப் புளூகில்களைப் பரிசளித்தார். ஆய்வுக்கூடங்களிலிருந்து அவை வெளியே பரவி, பிவா ஏரி உட்பட ஜப்பானின் நீர்நிலைகளை நிறைத்தன. 2005இல் ஜப்பான் அதைத் தீங்கான அந்நிய உயிரினமாகப் பட்டியலிட்டது. 2007இல், அப்போது பேரரசராக இருந்த அகிஹிடோ தம் வருத்தத்தைப் பொதுவில் தெரிவித்தார். இத்தகைய மீன் தன் சொந்த நாட்டில் 'காணாமல் போகிறது' என்றால், போவது இனமன்று, அளவு. நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை பெருகிப் பெருகி, விரலளவிலேயே சினைபிடித்து, உள்ளங்கையைத் தாண்டாமல் நின்றுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலை விளங்கும்.

இதற்கான முதல் விளக்கம் நெரிசல். அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிள் 1930களிலிருந்து பண்ணைக் குட்டைகளில் புளூகிலையும் அதை வேட்டையாடும் பெருவாய் பாஸ் மீனையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்தார். 1950இல் அவர் வெளியிட்ட 'சமநிலை' கோட்பாட்டின் சாரம் எளியது. பாஸ் குறைந்தால் புளூகில் குஞ்சுகள் பெருகி, உணவு பங்குபட்டு, எல்லாம் சிறுத்துவிடும். பாஸ் மிகுந்தால் குஞ்சுகள் குறைந்து, மிஞ்சியவை கொழுக்கும். சிறிய பாஸ் நெருக்கமாக உள்ள குட்டையில் பெரிய புளூகில் கிடைக்கும் என்று இன்றும் குட்டை உரிமையாளர்கள் நம்பிச் செயல்படுவது இந்த அடிப்படையில்தான்.

இரண்டாம் விளக்கம் வாழிடம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏர்ல் வெர்னரும் உடனாய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட குட்டைச் சோதனையில், பாஸ் இருக்கும்போது சிறு புளூகில்கள் உணவு நிறைந்த திறந்த நீரை விட்டுச் செடிகளுக்குள் ஒதுங்கி மெதுவாக வளர்ந்தன. விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்தவை அச்சமின்றித் திறந்த நீரில் நீர்த்தெள்ளுகளைத் தின்று திரிந்தன. பெரிய புளூகில் கோடையில் கரையோரம் கிடைக்காததன் காரணம் இதிலேயே அடங்கியிருக்கிறது. கரையில் நிற்பவருக்கு வசந்தம் மட்டும்தான் வாய்ப்பு.

மூன்றாம் விளக்கம் தூண்டில். பெரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சிறியவற்றை விடுவது மனித இயல்பு. விஸ்கான்சினில் அதுவரை எவரும் மீன்பிடிக்காத ஒரு சிறு ஏரியை 1970களில் திறந்துவிட்டுப் பார்த்தபோது பெரிய புளூகில்கள் விரைவாகக் குறைந்தன. அதே மாநிலத்தின் எழுபதாண்டுக் கணக்கெடுப்புகளைத் திரட்டி 2016இல் வெளியான ஆய்வு, புளூகில் போன்ற சிறு மீன்களின் உடலளவு 1940களிலிருந்து தேய்ந்து வந்திருப்பதைக் காட்டியது.

எடுக்கப்படும் மீன் மட்டுமே இழப்பு என்றால் கணக்கு எளிது. 1990களில் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் டேவிட் ஃபிலிப்பும் உடனாய்வாளர்களும் செய்த வேலை அதற்கு மேலொரு நட்டத்தைக் காட்டியது. பெரிய ஆண்கள் இருக்கும்வரை சிறிய ஆண்கள் முதிர்வதைத் தள்ளிப்போடுகின்றன. போட்டியிட்டுத் தோற்பதைவிட வளர்ந்துவிட்டு வருவது அவற்றுக்கு இலாபம். பெரியவற்றை நீக்கினால் அந்தத் தடை அகல்கிறது. சிறியவை உடனே முதிர்ந்து பள்ளம் பறிக்கத் தொடங்குகின்றன. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி இனப்பெருக்கத்துக்குப் போகிறது. பிடித்துப் போன பெரிய மீனோடு, இனி பெரிதாகப் போகும் மீனும் சேர்ந்து தொலைகிறது. மீன்பிடிப்பு மிகுந்த மினசோட்டா ஏரிகளையும் குறைந்த ஏரிகளையும் ஒப்பிட்டு 1997இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பதாக வாதிடப்படுவதுண்டு. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஓர் ஏரியில் புளூகில் எவ்வளவு வளர முடியும் என்ற உச்சவரம்பை உணவும் நெரிசலும் வகுக்கின்றன. அந்த உச்சவரம்பை எத்தனை மீன்கள் எட்டுகின்றன என்பதைத் தூண்டில் முடிவுசெய்கிறது. உணவற்ற ஏரியில் எந்தக் கட்டுப்பாடும் பெரிய மீனைத் தராது. உணவுள்ள ஏரியில் கட்டுப்பாடின்றிப் பெரிய மீன் நிலைக்காது.

வரம்புகள் என்ன சாதித்தன?

சட்டங்கள் இந்த அறிவைப் பின்தொடர்ந்தே வந்தன. நீண்டகாலம் நாளொன்றுக்கு 25, 30 மீன் என்ற தாராள வரம்புகளே பல மாநிலங்களில் இருந்தன. சில இடங்களில் வரம்பே இல்லை. புளூகில் தீராது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியும்கூட.

வரம்பைச் சிறிதளவு குறைப்பதால் அதிகம் மாறுவதில்லை என்பது முதல் பாடம். 30ஐ 20 ஆக்கினாலும் பெரும்பாலான தூண்டில்காரர்கள் எந்த நாளும் 20ஐ எட்டுவதே இல்லை. உண்மையில் பயன்தரும் வரம்பு 10க்கு அருகில் அல்லது கீழே இருக்க வேண்டும். விஸ்கான்சினில் 25ஐ 10 ஆகக் குறைத்த ஏரிகளை ஆராய்ந்து ஆண்ட்ரூ ரைப்பெல் 2015இல் வெளியிட்ட முடிவு, மீன்களின் அளவு கூடியதைக் காட்டியது. கூடியது ஓர் அங்குலத்துக்கும் குறைவுதான். ஆனாலும் முன்னே கண்ட எடைக்கணக்கில் 7 அங்குல மீனுக்கும் ஏறக்குறைய 8 அங்குல மீனுக்கும் உள்ள வேறுபாடு அற்பமன்று.

2016இல் விஸ்கான்சின் நூற்றுக்குச் சற்றுக் குறைவான ஏரிகளில் மூன்று விதிகளைச் சோதிக்கத் தொடங்கியது. அவற்றில் ஒன்று மே, ஜூன் மாதங்களில் மட்டும் ஓர் இனத்துக்கு 5 மீன் என்று இறுக்கி, மற்ற மாதங்களில் பழைய வரம்பைத் தந்தது. பள்ளக்காலத்தைக் குறிவைத்த விதி இது. மினசோட்டா 2021 முதல் தேர்ந்தெடுத்த ஏரிகளில் நாளொன்றுக்கு 5 அல்லது 10 என்ற வரம்பைக் கொண்டுவந்தது. பெரிய மீனை வளர்க்கும் வளம் உள்ள ஏரிகளை மட்டும் தேர்ந்தெடுத்தது இத்திட்டத்தின் விவேகம். வளர்ச்சியின் உச்சவரம்பு உயர்ந்துள்ள இடத்தில்தான் பிடிப்பு வரம்புக்குப் பொருள் உண்டு.

குறைந்தபட்ச நீளம் என்ற விதி புளூகிலுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. மீன் மெதுவாக வளரும் ஏரியில் அது விதித்த நீளத்துக்குக் கீழேயே மீன்களைக் குவித்துவிடும். நீளத்தை எட்டிய பெரியவற்றின் மீது மட்டும் பிடிப்பு குவிவதால், காக்க வேண்டியதையே அது காட்டிக்கொடுக்கிறது.

தூண்டில்காரரின் கையில்

சட்டம் ஒரு தரையை மட்டும் போடும். அதற்கு மேலுள்ளது பிடிப்பவரின் தேர்வு. இதுவரை கண்டவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் இயல்பாகவே எழுகின்றன.

பெரிய மீனைப் பிடிக்க விரும்புபவர் முதலிரு கட்டங்களில் அதிக நேரம் செலவிடலாம். அப்போது மீன் பசியால் கவ்வுகிறது, காவல் பணியை இன்னும் ஏற்கவில்லை. பள்ளக்காலத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினமன்று. ஆண் கறுத்து, நெஞ்சு செம்பு நிறமேறி, நெற்றி புடைத்து, செவுள் மடல் நீண்டு தோன்றும். பெண் வெளிறி, நெஞ்சு மஞ்சளாய், வயிறு உருண்டு, பக்கவாட்டுக் கோடுகள் தெளிவாக இருக்கும். கறுத்த பெரிய ஆணைப் பிடித்தால் உடனே, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எதிர்முள் நசுக்கிய தூண்டில் முள் இருந்தால் நொடிகளில் விட்டுவிடலாம். படகின் வாளியில் போட்டு, படமெடுத்து, அரைமணி கழித்துத் தொலைவில் விட்டால் மீன் பிழைக்கும், முட்டைகள் பிழைக்கா.

சட்டிக்கு எடுப்பது பாவமில்லை. புளூகில் வறுவலுக்கு மத்திய மேற்கிலும் தெற்கிலும் தலைமுறை தலைமுறையாக இடமுண்டு. உண்ணாத மீனுக்காக எவரும் ஏரியைப் பேணப்போவதுமில்லை. 6 முதல் 7½ அங்குல மீன்களில் ஒரு வேளைக்குப் போதுமானதை எடுத்துக்கொண்டு, 8 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றை, குறிப்பாக ஆண்களை, விட்டுவிடுவதே ஆய்வுகள் சுட்டும் வழி. நடுத்தர மீன்களை ஏரி விரைவில் ஈடுசெய்துவிடும். எட்டு வயது ஆணை ஈடுசெய்ய எட்டு ஆண்டுகள் வேண்டும். இதே ஒழுங்கு பனிக்காலத்துக்கும் பொருந்தும். உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிப்பவர்களுக்கும் பெரிய புளூகில் திரளாகவே சிக்குகிறது. மீன் நிற்கும் இடத்தை அப்படியே திரையில் காட்டும் புதிய சோனார் கருவிகள் வந்தபின், கோடையில் நடு ஏரியும் பாதுகாப்பான மறைவிடமாக இல்லை.

வசந்தத்தில் பெரிய புளூகிலை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு விடை வெகுநாளாகவே நம்மிடம் இருக்கிறது: சரியான ஏரி, சரியான சூடு, சிறிய முள். அந்த விடையால் பயன்பெற வேண்டுமானால் அடுத்த வசந்தத்திலும் ஏரியில் பெரிய மீன் இருக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு சொல்வது இவ்வளவுதான். பள்ளத்தில் நிற்கும் பெரிய ஆண் தன் குஞ்சுகளை மட்டும் காக்கவில்லை; தன்னைவிடச் சிறிய ஆண்களை வளரவிட்டு, ஏரியில் பெரிய மீன் தொடர்வதையும் காக்கிறது. அதை விட்டுவிடுவது மீனுக்குச் செய்யும் தயவு என்று எண்ண வேண்டியதில்லை. தூண்டில்காரர் தம் அடுத்த பத்தாண்டுகளுக்குப் போட்டுவைக்கும் முதலீடு அது.